அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, அமெரிக்காவுக்குப் போய் பதினைந்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு. ஆனா 'கடின உழைப்பே வெற்றி'ன்னு மட்டும் பேசிடாதே. அதைப் பேச இங்கே ஏற்கனவே ஆறு பேர் இருக்காங்க" என்றார். அதனால்தான் யாரும் எடுக்காத தலைப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். டிராஃபிக் போலீஸ் கொடுக்கும் டிக்கெட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்கு எனக்கு 2,368 டாலர் செலவானது. அந்தக் கணக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் ஹாஸ்டலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பிளாக்கில் டிவி ரூம் கண்ணாடி உடைந்தது. கிரிக்கெட் பந்துதான், வேறென்ன? யார் அடித்தது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது: தலைக்கு 50 ரூபாய் அபராதம், கூடவே ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து, விஷயம் முடிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை. திண்டுக்கல்லில் அத்தை மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆனாலும் 50 ரூபாய்க்காக யார் போய் வாதாடுவது? எல்லோரும் போட்டார்கள், நானும் கையெழுத்தைப் போட்டேன்.

நான்காம் ஆண்டில் மேற்படிப்புக்காக நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் ஐயா ஃபைலைப் பிரித்தார். உள்ளே அந்தக் கடிதம், என் கையெழுத்தோடு. "என்ன தம்பி, ஒழுங்கு நடவடிக்கை இருக்கே" என்றார். துறைத் தலைவரிடம் ஒரு கையெழுத்து, வார்டனிடம் ஒரு கையெழுத்து, மறுபடி ஆபீஸ் என்று 11 நாள் அலைந்தேன். 50 ரூபாய் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. கையெழுத்து தீரவில்லை.

இந்தப் பாடத்தை அன்றைக்கே நான் ஒழுங்காகப் படித்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

2009-ல் இங்கிருந்து போனேன். மேற்படிப்பு முடித்து கலிபோர்னியாவில் வேலை. 2016 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, 101-ம் எண் ஃப்ரீவே. அங்கே வேக வரம்பு மணிக்கு 65 மைல். நான் போனது 78. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஓரம் கட்டினேன். அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழி மட்டும்தான்" என்று தெளிவாகச் சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. தொகை 238 டாலர். இது எப்படி வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். வரம்பைத் தாண்டி 15 மைல் வரைக்குமான வேகத்துக்கு அந்த மாநிலத்தில் அடிப்படை அபராதம் வெறும் 35 டாலர்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டாலருக்கும் மாநிலத்துக்கு 10 டாலர், கவுண்டிக்கு 7 டாலர், கோர்ட் கட்டடத்துக்கு இவ்வளவு, அவசர மருத்துவத்துக்கு இவ்வளவு, டி.என்.ஏ. ஆய்வுக்கூடத்துக்குக் கூட இவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். 35-ஐ 40 ஆக எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. பிறகு அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதல் வரி, கோர்ட் நடத்த 40 டாலர், தண்டனை விதித்ததற்கு 35 டாலர். ஒரு தோசை சாப்பிட்டவனிடம் மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து பில் போட்ட மாதிரி.

சரி, போகட்டும், தப்பு நம்முடையதுதானே என்று கம்ப்யூட்டரில் நான்கே நிமிஷத்தில் கார்டில் கட்டிவிட்டேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. "முடிந்தது."

ஏன் அப்படித் தோன்றுகிறது? நம் ஊர்ப் பழக்கம். இங்கே வண்டியைப் பிடித்தால் சலான் போடுகிறார்கள், கட்டுகிறோம், அதோடு தீர்ந்தது. நம் ஊர் வண்டி இன்சூரன்ஸில் இருக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' நீங்கள் கிளெய்ம் கேட்டீர்களா என்று பார்க்குமே தவிர, சலான் கட்டினீர்களா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. அந்த நினைப்போடுதான் நாம் விமானம் ஏறுகிறோம்.

அங்கே நடப்பது வேறு. பணத்தைக் கட்டுவது என்றாலே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாக அர்த்தம். கோர்ட் அதை ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் இலாகாவுக்கு அனுப்புகிறது. அங்கே உங்கள் பெயருக்கு நேரே ஒரு 'பாயிண்ட்' விழுகிறது. பரீட்சையில் பாயிண்ட் வந்தால் நல்லது, இதில் வந்தால் கெட்டது. அது மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கும். 12 மாதத்தில் 4 பாயிண்ட், 24 மாதத்தில் 6, 36 மாதத்தில் 8 என்று சேர்ந்தால் உரிமத்துக்கே ஆபத்து. அதற்கு முன்னாலேயே அந்த ரெகார்டை ஒருவர் படித்துவிடுகிறார். அவர்தான் இன்சூரன்ஸ்காரர்.

என் பிரீமியம் ஆறு மாதத்துக்கு 560 டாலராக இருந்தது. ஜூனில் புதுப்பித்தபோது 660 ஆனது. விலைவாசி ஏறுகிறது, இதுவும் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஏன் என்று ஒரு போன் கூடப் பண்ணவில்லை.

இரண்டாவது டிக்கெட் 2018 பிப்ரவரியில். மாலை நேரம், ஒரு சிக்னலில் இடது பக்கம் திரும்பினேன். நான் கோட்டைத் தாண்டும்போது விளக்கு மஞ்சள் என்பது என் எண்ணம். ஓரத்தில் நின்ற அதிகாரிக்கு அது சிவப்பு. அடிப்படை அபராதம் 100 டாலர், எல்லாம் சேர்ந்து 490. வாதாடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதே சமயம் ஊரில் அப்பாவுக்கு இருதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். மார்ச்சில் விமானம். கோர்ட்டுக்கு யார் போவது? கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, பெட்டி அடுக்கிக்கொண்டே பணத்தைக் கட்டினேன். மறுபடியும் அதே நிம்மதி. "முடிந்தது."

ஜூன் மாதம் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. 660 இல்லை, 980. இந்தத் தடவை போனை எடுத்தேன். மறுமுனையில் பேசிய அம்மா பொறுமையாக விளக்கினார். கலிபோர்னியாவில் 1988-ல் மக்கள் ஓட்டுப் போட்டு 103-ம் எண் தீர்மானம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகி, கடந்த மூன்று வருஷத்தில் ஒரு பாயிண்ட்டுக்கு மேல் இல்லாதவர் 'நல்ல ஓட்டுநர்'. அவருக்குக் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். எனக்கு இப்போது இரண்டு பாயிண்ட். அதனால் பாயிண்ட்டுக்கு உண்டான கூடுதல் ஒரு பக்கம், கையிலிருந்த தள்ளுபடி போனது மறு பக்கம். இரண்டு அடியும் ஒன்றாக விழுந்தது.

நாம் இன்ஜினியர்கள், கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். வேறு காரணங்களால் ஏறி இறங்கியதை விட்டுவிட்டு, பாயிண்ட்டால் வந்ததை மட்டும் சொல்கிறேன். 2016 ஜூன் முதல் நான்கு தவணை, தலா 100 டாலர் கூடுதல்: 400. 2018 ஜூன் முதல் இரண்டு தவணை, தலா 420: 840. அதற்குள் முதல் டிக்கெட் மூன்று வருஷத்தைத் தாண்டிவிட்டதால் மறுபடி ஒரு பாயிண்ட் கணக்கு, 2019 ஜூன் முதல் நான்கு தவணை, தலா 100: இன்னொரு 400. மொத்தம் 1,640 டாலர். இரண்டு அபராதமும் சேர்ந்து 728. அதாவது கண்ணுக்குத் தெரிந்தது 728, தெரியாதது 1,640. கூட்டினால் முதலில் சொன்ன 2,368.

இதைவிட வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்று இருக்கிறது. இந்த 1,640-ம் எனக்குத் தவிர்த்திருக்கக் கூடிய செலவு. கோர்ட் அனுப்பிய கடிதத்திலேயே 'டிராஃபிக் ஸ்கூல்' என்று ஒரு வழி எழுதியிருந்தது. அபராதத்தை முழுசாகக் கட்ட வேண்டும். அதோடு கோர்ட்டுக்கு ஒரு கட்டணமும் பள்ளிக்கு ஒரு கட்டணமும். இரண்டும் சேர்ந்து என் விஷயத்தில் எண்பது தொண்ணூறு டாலர் ஆகியிருக்கும். ஒரு நாள் வகுப்பு, வீட்டில் கம்ப்யூட்டரிலேயே முடிக்கலாம். முடித்தால் அந்த பாயிண்ட் இன்சூரன்ஸ்காரர் கண்ணில் படாமல் மறைக்கப்படும். 18 மாதத்துக்கு ஒரு தடவைதான் இந்தச் சலுகை. வரம்பை 25 மைலுக்கு மேல் தாண்டியவருக்கு இது சாதாரணமாகக் கிடைக்காது. நான் தாண்டியது 13 மைல். என் இரண்டு டிக்கெட்டுக்கும் இடைவெளி 23 மாதம். ஆக இரண்டு தடவையும் எனக்கு அந்தக் கதவு திறந்தே இருந்தது. கடிதத்தைத் திருப்பிப் படிக்காத சோம்பல், அவ்வளவுதான்.

இப்போது பணத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மார்ச் மாதம் ஊருக்கு வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே பலருக்குத் தெரியும், அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் நான் முதல் நாள் இந்தக் கல்லூரிக்கு வந்து இறங்கினேன்.

"நீ சிவப்பிலயா போனே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. மஞ்சள்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"மஞ்சள்தான்ப்பா."

"பின்னே எதுக்குடா கட்டினே?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒரு தடவை மெமோ கொடுத்தாங்க. கண்ணாடி உடைஞ்சதுக்கு நான்தான் காரணம்னு எழுதிக் கொடு, சின்னத் தொகைதான், சம்பளத்துல பிடிச்சுக்கறோம், முடிச்சுடலாம்னாங்க. நான் எழுதித் தரலை. என்கொயரிக்கு மூணு நாள் போனேன், மூணு நாள் சம்பளம் போச்சு. ஆனா எழுதித் தந்திருந்தா இன்கிரிமென்ட் வெட்டுவாங்க. கூட்டு விளைவோட வெட்டினா அது அந்த வருஷத்தோட போகாதுடா. அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம், பென்ஷன் வரைக்கும் கூடவே வரும். தப்பு பண்ணியிருந்தா ஒத்துக்கோ. பண்ணலைன்னா, சின்னத் தொகைங்கறதுக்காக ஒத்துக்காதே."

பத்தாம் வகுப்பு வரை படித்தவர் அப்பா. நான் பட்டமேற்படிப்பு படித்தவன். நான்கு வருஷம் கழித்துப் புரிந்துகொண்ட கூட்டு விளைவு அவருக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

சிலர் கேட்கலாம்: "குற்றம் செய்யவில்லை என்று சொல்வது பொய் ஆகாதா?" நானும் அப்படித்தான் நினைத்தேன். 'நாட் கில்டி' என்று சொல்வதற்குச் சட்டத்தில் அர்த்தம், "என் மேல் சொன்ன குற்றச்சாட்டை நிரூபியுங்கள்" என்பதுதான். 78 மைலில் போன நான் அதைச் செய்யாமல் டிராஃபிக் ஸ்கூலுக்குப் போயிருந்தால் அதுவே நேர்மையான வழி. மஞ்சளில் போன நான் வாதாடியிருந்தால் அதுவே நேர்மையான வழி. நான் செய்ததோ இரண்டு இடத்திலும் சோம்பேறி வழி. நம்பாத ஒன்றை ஒப்புக்கொள்வதும் ஒரு பொய்தான் நண்பர்களே.

ஊருக்குப் போக வேண்டியிருந்ததே என்ற சாக்கும் செல்லாது. கலிபோர்னியாவில் எழுத்து மூலமாகவே வழக்கை நடத்தலாம். தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, நடந்ததை எழுதி, படம் வரைந்து தபாலில் அனுப்பலாம். அதிகாரியும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஜெயித்தால் பணம் திரும்ப வரும். தோற்றால் 20 நாளுக்குள் நேரில் புது விசாரணை கேட்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே நான் அதை எழுதியிருக்க முடியும்.

மஞ்சள் விளக்கைப் பற்றிச் சொன்னதும் ஒரு மனிதர் ஞாபகம் வருகிறார். இன்ஜினியரிங் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். ஓரிகான் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்று ஒருவர். ஸ்வீடனிலிருந்து குடியேறியவர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 2013-ல் அவர் மனைவிக்கு சிக்னல் கேமரா மூலம் ஒரு டிக்கெட் வந்தது. அவர் உட்கார்ந்து மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற சூத்திரத்தையே ஆராய்ந்தார். அது காசிஸ், ஹெர்மன், மரதுதின் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1960 வாக்கில் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நேரே போகும் வண்டிக்கு அது சரி. திரும்பும் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகிறது, அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பது அவர் வாதம். லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினியரிங் தொழில் செய்தார் என்று அந்த மாநில இன்ஜினியர் போர்டு அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! அவர் விடவில்லை. 2018 டிசம்பரில் ஃபெடரல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2020-ல் போக்குவரத்து இன்ஜினியர்கள் சங்கம் தன் வழிகாட்டுதலிலேயே திரும்பும் வண்டிகளுக்கான கணக்கைச் சேர்த்துக்கொண்டது. நானும் திரும்பும்போதுதான் மாட்டினேன். நான் பணத்தைக் கட்டினேன், அவர் பென்சிலை எடுத்தார்.

வேறு மாநிலம் போகிறவர்களுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டம் வேறு, மறைந்திருக்கும் செலவும் வேறு. நியூயார்க்கில் 18 மாதத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் அபராதம் போக வருஷத்துக்கு 100 டாலர் வீதம் மூன்று வருஷம் தனியாகக் கட்ட வேண்டும், மேலே போகும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் வருஷம் 25. டெக்ஸாஸிலும் இதே மாதிரி ஒரு திட்டம் 2003-ல் வந்தது. கட்ட முடியாமல் ஏராளமானோர் உரிமத்தை இழந்த பிறகு 2019 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். நியூஜெர்சியில் 'பாதுகாப்பற்ற ஓட்டுதல்' என்று குற்றத்தைக் குறைத்து பாயிண்ட் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். நம்மவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். ஆனால் அதற்கு அபராதத்துக்கு மேல் 250 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை, சில சமயம் அந்த 250 லாபமாகவும் இருக்கலாம். தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

வெர்ஜினியா இன்னும் கறார். அங்கே வரம்பை 20 மைலுக்கு மேல் தாண்டினால் அது வெறும் டிக்கெட் ஆகாது, கிரிமினல் குற்றம். அதை ஒப்புக்கொண்டால் கிரிமினல் தண்டனை பெற்றவர் ஆகிவிடுவீர்கள். நம்மைப் போன்ற விசாக்காரர்களுக்கு இது முக்கியம். விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே விசாவை ரத்து செய்யும் வழக்கம் 2015-லிருந்து இருக்கிறது. இந்த மாதிரி நிலைமையில் கோர்ட்டில் வாயைத் திறப்பதற்கு முன் வக்கீலுக்குக் கொடுக்கும் காசு வீண் செலவே இல்லை.

இன்னொன்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு "கட்டவே கட்டாமல் விட்டால்?" என்று நினைக்காதீர்கள். அது எல்லாவற்றையும்விட மோசம். கோர்ட்டுக்குப் பதிலே சொல்லாமல் இருப்பது கலிபோர்னியாவில் தனிக் குற்றம். அதற்கு மேல் 300 டாலர் வரை கூடுதல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 ஜூலையிலிருந்து அதை அதிகபட்சம் 100 ஆகக் குறைத்தார்கள். குறைத்தாலும் அது நம் பணம்தானே.

முடிக்கிறேன். தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது சுருக்கமாக இதுதான். டிக்கெட் வந்தால் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள், கெடு தேதி வரைக்கும் நேரம் இருக்கிறது. நடந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள்: இடம், நேரம், வெளிச்சம், எந்த லேன். கோர்ட் கடிதத்தை இரண்டு பக்கமும் படியுங்கள். எத்தனை பாயிண்ட், எத்தனை வருஷம், ஸ்கூல் உண்டா என்று கேளுங்கள். பிரீமியம் ஏறினால் காரணம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகத்தைக் குறையுங்கள். வராத டிக்கெட்டுக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. அன்றைக்கு 78 மைலில் போய் நான் மிச்சம் பிடித்தது வெறும் மூன்று நிமிஷம்.

இது டிக்கெட்டுக்கு மட்டும் இல்லை. கம்பெனியில் சேரும்போது ஒரு ஒப்பந்தம், கடன் வாங்கும்போது ஒரு தாள், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார்" என்று நீட்டும் ஒவ்வொரு காகிதமும் இதே ஜாதிதான். தொகை சின்னதாக இருக்கும். கையெழுத்துக்கு ஆயுள் அதிகம்.

அப்பா இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரம். அவரிடம் கேட்காமல் அவர் கதையைச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் என்ன அபராதம் போட்டாலும் வாதாடாமல் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தக் குற்றத்தை நான் உண்மையிலேயே செய்திருக்கிறேன்.